லாசர் – அற்புதம் நன்றிப் பூசை

“அண்ணே, வருகிற ஜூலை ஐந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிப் பூசை எங்களுடைய நன்றிப் பூசை. நானும் லாசரும் ஒரே வீட்டில் குடியேறி இருபது வருடம் நிறைகிறது. மதியம் வீட்டில் சாப்பாடு. நீங்கள் நேரில் போய்க் கூப்பிட்டால் எஸ்தர் அக்கா வருவாள் என்று நினைக்கிறேன். நான் கூப்பிட்டு அவள் வந்ததில்லை.”

ராயபுரத்திலிருந்து என் சித்தப்பா மகன் அற்புதம் எழுதிய கடிதத்தின் நடுப்பகுதி இது. தேதி 2009 ஜூன் 3. மலேசியாவில், பட்டர்வொர்த்தில் இருக்கும் என் கைக்கு அது வந்து சேர்ந்தது ஜூன் 15. கடைசி வாக்கியத்தை இரண்டு முறை படித்துவிட்டுப் பெட்டியை எடுத்து வெளியே வைத்தேன்.

அற்புதத்துக்கு வயது ஐம்பது. சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் குழாய்க் கடை. லாசருக்கு ஐம்பத்து மூன்று. ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்த கத்தோலிக்கர், படகு எஞ்சின் மெக்கானிக். ‘கணவன் மனைவியைப் போல வாழ்கிறவர்கள்’ என்று எழுதினால், யார் எது என்று இருவருமே என்னோடு சண்டைக்கு வருவார்கள். சேர்ந்து வாழ்கிறவர்கள் என்று எழுதுகிறேன். எஸ்தர் அக்கா அற்புதத்தின் கூடப்பிறந்தவர். மணலி புதுநகரில் இருக்கிறார், பெந்தெகொஸ்தே சபைக்காரர். தம்பி வீட்டு வாசற்படியை அவர் ஒருநாளும் மிதித்ததில்லை.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். 1990இல், இவர்கள் சேர்ந்து வாழ்வதைக் கேள்விப்பட்டு, அற்புதத்துக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். அனுப்புகிற கடிதத்துக்கெல்லாம் கார்பன் நகல் வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு. துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்ததால் ஒட்டிக்கொண்டது. கிளம்பும் முன் அந்த நகலைத் தேடி எடுத்துப் படித்தேன். மூன்று பக்கம். வேத வசனங்கள் ஒன்பது. ‘எப்படி இருக்கிறாய்’ என்ற கேள்வி எங்கும் இல்லை.

2004இல் என் மனைவி இறந்தபோது ராயபுரத்திலிருந்து இரண்டு வாரம் தினமும் தொலைபேசி வந்தது. பேசியவர் லாசர். அதற்கு முன் அவர் குரலை நான் கேட்டதில்லை. “அண்ணாத்த, சாப்ட்டியா? இன்னா சாப்ட்ட?” இதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. பொய் சொல்ல வெட்கமாக இருந்ததால் மூன்றாம் நாளிலிருந்து நிஜமாகவே சமைக்க ஆரம்பித்தேன்.

ஜூன் 30, செவ்வாய். மீனம்பாக்கத்தில் லாசர் ஓர் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதில் ‘அண்ணன்’ என்று மட்டும் எழுதியிருந்தது. எனக்கு முன்பே நான்கு பேர் அவரிடம் வந்து விசாரித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

“பேரப் போட்டா ஊருக்கே தெரிஞ்சிடும். அண்ணன்னு போட்டா நம்ம ஆளு மட்டுந்தான வருவாரு?” என்றார். எனக்கு அந்த நியாயம் பிடிபடவில்லை. அவர் அதற்குள் என் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

துறைமுகத்தை நெருங்கியதும் ஆட்டோ நின்றது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கண்டெய்னர் லாரிகள். எங்கள் ஊரில் கண்டெய்னர்கள் தனிச்சாலையில் போய்விடும். இங்கே அவை சாலையிலேயே குடித்தனம் நடத்துகின்றன. ஒரு டிரைவர் லாரிக்கு அடியில் ஸ்டவ் வைத்துச் சோறு வடித்துக்கொண்டிருந்தார். லாசர் இறங்கிப்போய், “இன்னா கொழம்பு தல?” என்று விசாரித்துவிட்டு வந்தார். “கருவாடு. இன்னும் அரமணி நேரம் ஆவும்.” லாரி நகரவா, குழம்பு இறங்கவா என்று அவர் சொல்லவில்லை.

வீடு ஒரு சந்துக்குள், மாடியில். இரண்டு அறை, ஒரு சமையலறை, சுவரில் மாதா சுரூபம், அதன் முன்னால் பித்தளை மெழுகுவர்த்தித் தண்டு. உள் அறையில் ஒரே கட்டில். அதை நான் பார்த்ததை அற்புதம் பார்த்துவிட்டான். “உங்களுக்கு இங்க மடக்குக் கட்டில் போட்டிருக்கு அண்ணே” என்றான். அந்தச் சங்கடம் அத்தோடு முடிந்தது. எனக்கு முடிந்தது, அவனுக்கு எப்போதோ முடிந்திருந்தது.

ஜூலை 1, புதன். விடியற்காலையில் லாசரோடு காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போனேன். கீழ்வீட்டு ரோசம்மா அங்கே கூடை போட்டு விற்கிறார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இது யாரு லாசரு, ஒன் மாமனாரா?”

“மச்சான்டி. மலேசியா மச்சான்.”

“தோ பார்றா! இருவது வருஷமா ஒனக்கு மச்சான் கீற கதைய சொல்லவே இல்ல. குந்துங்க மச்சான். டீ சொல்றேன்.”

டீ குடித்துக்கொண்டே, இவர்களைப் பற்றித் தெருவில் என்ன பேசுகிறார்கள் என்று நேராகவே கேட்டேன். ரோசம்மா மீன் செதிலைச் சுரண்டியபடியே பதில் சொன்னார்.

“மொதல்ல பேஜாருதான். மூணு வூடு காலி பண்ண வெச்சானுங்க. இப்ப கூட பிரசங்கத்துல சாமியாரு அப்பப்ப எதுனா சொல்வாரு. நாங்களும் தலைய ஆட்டுவோம். அப்பால எங்க வூட்டுத் தண்ணி மோட்டாரு நின்னுபூட்டா லாசரத்தான கூப்டணும்?” அடுத்த மீனை எடுத்தார். “ஆனா ஒண்ணு, ரெண்டு பேரும் சண்ட போட்டா தெருவுல ஒருத்தன் நிம்மதியா கஞ்சி குடிக்க முடியாது. அந்தக் கொரலு!”

மாலையில் என்னை அத்தோ சாப்பிடக் கூட்டிப்போனார்கள். பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பம் ஒன்று தள்ளுவண்டியில் விற்கிறது. மஞ்சள் நூடுல்ஸில் வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுக்கிறார்கள். எங்கள் ஊரில் மீ கோரெங் என்று விற்கும் வறுத்த நூடுல்ஸுக்கு ஒன்றுவிட்ட தம்பி போலிருந்தது. நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன். சர்க்கரை நோய்க்காரரான லாசர் ஒரு தட்டோடு நிறுத்தப்பட்டார். நிறுத்தியது அற்புதத்தின் ஒரு பார்வை.

ஜூலை 2, வியாழன். அக்காவைப் பார்க்கத் தனியாகக் கிளம்பினேன். திருவொற்றியூரில் ஷேர் ஆட்டோக்காரரிடம் “மணலி” என்றேன். முன்சீட்டில் அவரோடு ஒட்டி உட்காரவைத்து, மணலி கடைத்தெருவில் இறக்கிவிட்டார். அக்கா வீட்டு முகவரியைக் காட்டி அரைமணி நேரம் அலைந்த பிறகு ஒரு பெட்டிக்கடைக்காரர் தாளை வாங்கிப் பார்த்தார்.

“இது மணலி சார். நீ கேக்குறது மணலி புதுநகரு. அது வேற, இது வேற. இன்னும் அஞ்சாறு கிலோமீட்டரு போவணும். வழியில கண்டெய்னரு நிக்குது. இப்ப கெளம்புனா நாளிக்குத்தான் போய்ச் சேருவ.”

‘புது’ என்ற ஒரு சொல்லை விட்டதற்கு ஒரு பகல் போனது. காற்றில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் அழுகிய முட்டை வாடை வேறு. வந்த வழியே திரும்பினேன்.

வீட்டுக்குள் நுழையும்போது தொலைக்காட்சியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அற்புதம் கையில் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றான். டெல்லி உயர் நீதிமன்றம் அன்று காலை தீர்ப்புச் சொல்லியிருந்தது: வயது வந்த இருவர், மனமொத்து, தனிமையில் இருப்பது குற்றமாகாது.

“இன்னா சொல்றான்?” என்று குளியலறையிலிருந்து லாசர் கேட்டார்.

“நாம குற்றவாளி இல்லியாம்.”

“எப்போலேர்ந்து?”

“இன்னைக்குக் காலையிலேர்ந்து.”

“அப்ப நேத்து?”

“நேத்து குற்றவாளி.”

லாசர் தலையில் சோப்பு நுரையோடு எட்டிப் பார்த்தார். “நேத்து நான் ரோசம்மா மோட்டார சும்மாவே ரிப்பேர் பண்ணிக் குடுத்தேனடா!”

அற்புதம் சிரிக்கவில்லை. கரண்டியை மேசைமேல் வைத்துவிட்டு, அதையே எடுத்து, மறுபடி வைத்தான். பிறகு குளியலறைக் கதவின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றான். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது. நான் பால்கனிக்குப் போய்விட்டேன்.

பால்கனியில் நின்று யோசித்தது: இவர்களைக் குற்றவாளிகளாக வைத்திருந்த சட்டப் பிரிவின் எண் 377. வெள்ளைக்காரன் 1860இல் எழுதிய தண்டனைச் சட்டத்தில் உள்ளது. என் நாட்டுச் சட்டப் புத்தகத்திலும் அதே எண்ணில் அது இருக்கிறது. அவன் எங்கே போனாலும் ரயில் தண்டவாளத்தையும் இந்த எண்ணையும் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். தண்டவாளத்தை நாங்கள் இரண்டு முறை மாற்றிவிட்டோம்.

ஜூலை 3, வெள்ளி. டீக்கடையில் லாசர் செய்தித்தாளைக் கைப்பற்றி உரக்கப் படித்தார். எல்லாத் தாளிலும் ‘ஓரினச்சேர்க்கை’ என்றுதான் போட்டிருந்தது. மதத் தலைவர்கள் பலர் எதிர்ப்புத் தெரிவித்திருந்தார்கள். ஒரு விஷயத்திலும் ஒன்று சேராதவர்கள் இதில் ஒரே பத்தியில் சேர்ந்திருந்தார்கள். அதே பக்கத்தின் கீழே ஒரு கல்லூரி விளம்பரம்: ‘மாணவர் சேர்க்கை நடைபெறுகிறது.’

“இன்னா அண்ணாத்த இது, மேலயும் சேர்க்க, கீழயும் சேர்க்க. நமக்கு இன்னா, அட்மிஷனா குடுக்குறானுங்க?”

“கடைசித் தேதி போட்டிருக்கா பாரு” என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்.

“நமக்கு இன்னா கடைசித் தேதி? நாங்க எப்பவோ சேந்தாச்சி.”

நல்ல தமிழில் இவர்களுக்கு ஒரு சொல் இல்லையே என்று அதுவரை நான் வருந்தியதுண்டு. அன்றைக்கு அந்த வருத்தம் சற்றுக் குறைந்தது. சேர்ந்தாச்சு என்பது நல்ல தமிழ்தான்.

அன்று மதியம் சரியான மணலிக்குப் போனேன். சட்டைப்பையில் இரண்டு பக்கக் குறிப்பு. 1990இல் நான் எழுதிய ஒன்பது வசனங்களுக்கும் 2009இல் நானே தயாரித்த மறுமொழிகள். எங்கள் சபையில் பிரசங்கம் செய்து பழகியவன். தயாரிப்பில் குறை வைப்பதில்லை.

எஸ்தர் அக்கா உபவாச ஜெபம் முடித்து அப்போதுதான் வந்திருந்தார். வெள்ளைச் சேலை, நகை எதுவும் இல்லை. கதவைத் திறந்ததும் என் தலையைத்தான் பார்த்தார்.

“ஏல தானியேலு, முடியெல்லாம் எங்கல?”

“பட்டர்வொர்த்துல விட்டுட்டு வந்துட்டேன் அக்கா.”

“உள்ள வா. கஞ்சி இருக்கு.”

கஞ்சியும் பயறும் தேங்காய்த் துவையலும் வைத்தார். அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை பொறுத்து, தாளை எடுத்தேன்.

“என்னல அது, பத்திரமா?”

“குறிப்பு அக்கா. அற்புதம் விஷயமா.”

“வாசி.”

“லேவியராகமம் பதினெட்டாம் அதிகாரம், ஆணோட ஆண் சேரக் கூடாதுன்னு சொல்ற வசனம்…”

“அங்கனயே நிறுத்து. அடுத்த அதிகாரத்துல ரெண்டு நூல் கலந்த துணி உடுத்தக் கூடாதுன்னு இருக்கு. நீ போட்டிருக்க சட்ட என்ன துணி?”

“டெரிகாட்டன்.”

“இதத்தான சொல்ல வந்த?”

“ஆமா. ரெண்டாம் பக்கத்துல இருக்கு.”

“அதெல்லாம் எனக்கு நானே சொல்லிப் பாத்தாச்சு. மடிச்சு உள்ள வை.”

மடித்து உள்ளே வைத்தேன். பட்டர்வொர்த்திலிருந்து தூக்கி வந்த குறிப்பு ஒரு நிமிடம் கூடத் தாங்கவில்லை.

“கேட்டுக்கோ” என்றார் அக்கா. “நான் அவன் வீட்டுக்குப் போகாததுக்குக் காரணம் அந்த லாசரு இல்ல. நம்ம தாத்தா காலத்துலேர்ந்து நமக்குச் சுரூபம் கிடையாது, மெழுகுவர்த்தி கிடையாது. இவன் போயி மாதா சப்பரத்தத் தோள்ல தூக்குதான்! எங்க சபைக்காரங்க கண்ணால பாத்துட்டு வந்து சொன்னாங்க. எனக்கு எப்படி இருக்கும்?”

“இத்தனை வருஷமா வராம இருந்தது மெழுகுவர்த்திக்காகவா அக்கா?”

“பின்ன எதுக்கு?”

கேட்டுவிட்டு எழுந்தார். துவையல் எடுத்து வருவதாகச் சொல்லி உள்ளே போனார். துவையல் என் முன்னால்தான் இருந்தது. திரும்பி வர நேரமாயிற்று. வெறுங்கையோடு வந்தார்.

“அவனுக்குச் சர்க்கர எவ்வளவு இருக்காம்?”

“அற்புதத்துக்கா? அவனுக்குச் சர்க்கரை இல்லியே.”

“அவனக் கேக்கல. அந்த இன்னொருத்தனுக்கு.”

நான் அத்தோ விஷயத்தைச் சொன்னேன். ஒரு தட்டோடு நிறுத்தினான் என்றதும் தலையை அசைத்துக்கொண்டார்.

ஞாயிறு பற்றிக் கேட்டேன். “எங்க ஆராதன ஒம்பதரைக்கு. அத விட்டுட்டு வரணும். கோயிலுக்குள்ள கால் வைக்க மாட்டேன், அத இப்பவே சொல்லிட்டேன். ஜெபம் பண்ணிப் பாக்கேன்” என்றார். வருவேன் என்று சொல்லவில்லை.

ஜூலை 4, சனி. நடந்ததை இருவரிடமும் சொன்னேன். அற்புதத்துக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். லாசர்தான் பேசினார்.

“இன்னா நைனா இது! எல்லாம் என்னாலன்னு நெனச்சிகினு இருந்தேன். மெழுவத்தியாலயா?” குரலில் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்ததாக எனக்குப் பட்டது. பிறகு சுவரில் இருந்த சுரூபத்தைப் பார்த்தார். “ஒண்ணு பண்லாம். நாளிக்கு ஒரு நாள் மாதா ரோசம்மா வூட்ல தங்கட்டும். அக்கா போனப்புறம் இட்டுகினு வந்துடலாம்.”

“வேண்டாம்” என்றான் அற்புதம். “அவளுக்காக நான் எதையும் ஒளிச்சு வச்சதில்ல. இனியும் ஒளிக்க மாட்டேன். இதெல்லாம் இருக்கிற வீட்டுக்கு வந்தா வரட்டும்.”

அன்று முழுவதும் அவன் தொலைபேசியை விட்டு நகரவில்லை. மணி நான்கு முறை அடித்தது. மூன்று சாத்தாங்காட்டிலிருந்து, ஒன்று தவறான எண். வஞ்சிரம் எத்தனை கிலோ வாங்குவது என்று லாசர் கேட்டபோது, “அக்காவையும் சேத்தா, சேக்காமயா?” என்று கேட்டான். லாசர் பையை எடுத்துக்கொண்டு போனார். அக்காவையும் சேர்த்தே வாங்கி வந்தார்.

ஜூலை 5, ஞாயிறு. ஏழு மணிக்கே கோவில் வாசலில் போய் நின்றுகொண்டேன். நான் மெதடிஸ்ட், உள்ளே நின்றாலும் வெளியே நின்றாலும் எனக்கு ஒன்றுதான். ஏழரை ஆயிற்று. மணி அடித்தது. புதுச் சட்டையில் அற்புதமும் லாசரும் கடைசியாக உள்ளே போனார்கள். அற்புதம் இரண்டு முறை திரும்பித் தெருவைப் பார்த்தான்.

ஏழு நாற்பதுக்கு ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. வெள்ளைச் சேலையில், ஜிப் வைத்த வேதப்புத்தகத்தைக் கையில் பிடித்தபடி, அக்கா இறங்கினார்.

“உள்ள வரமாட்டேன்” என்றார் மறுபடியும்.

வெயில் ஏறிவிட்டது. நிற்பதற்கு ஒரே நிழல், மெழுகுவர்த்தி விற்கும் அம்மாளின் குடை. அக்கா அதைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார். கடைசியில் மெழுகுவர்த்திகளுக்கு முதுகைக் காட்டியபடி குடைக்குள் நின்றார்.

இந்தப் பக்கத்துக் கோவில்களில் பூசை முழுவதும் ஒலிபெருக்கியில் தெருவுக்கே கேட்கும். ஊழியத்துக்குப் புதிதாக வந்த உபதேசியார் மன்றாட்டுகளை வாசித்தார். மழைக்காக, நோயாளிகளுக்காக, கடலுக்குப் போனவர்களுக்காக. பிறகு கணீரென்று: “இன்று தங்கள் திருமண வாழ்வில் இருபதாம் ஆண்டை நிறைவு செய்யும் திருவாளர் லாசர், திருமதி அற்புதம் தம்பதியருக்காக இறைவா உம்மை மன்றாடுகிறோம்.”

உள்ளே ஒரு பெண்குரல் களுக்கென்று சிரித்தது. ரோசம்மாவாகத்தான் இருக்கும். அதன்பின் நூற்றுக்கணக்கான குரல்கள், பழக்கத்தின் வேகத்தில், “எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்றன.

எனக்கு அக்காவைப் பார்க்கவே பயமாக இருந்தது. அவர் உதடு அசைய, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டிருந்தார். ஜெபிக்கிறார் என்று நினைத்தேன்.

கோவிலுக்குள்ளிருந்து ஒருவர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் விறுவிறுவென வெளியே வந்தார். “கோயிலா இன்னாது இது? கலீஜு பண்ணிட்டானுங்க” என்று எங்களைப் பார்த்துச் சொன்னார்.

அக்கா அவர் வழியில் ஓர் அடி எடுத்து வைத்தார். “உள்ள பூச முடியலியே. எங்க போறீங்க?”

“ஒனக்கு இன்னாம்மா தெரியும்? உள்ள இன்னா படிச்சாங்க தெரியுமா?”

“கேட்டுது. அது என் தம்பிக்கான பூச. பாதியில எந்திரிச்சு வரக் கூடாது. உள்ள போங்க.”

அந்த மனிதர் அக்காவையும், அக்கா கையிலிருந்த வேதப்புத்தகத்தையும், என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார். சுரூபத்தை வெறுக்கும் பெந்தெகொஸ்தேக்காரப் பெண்மணி ஒருவர், மாதா கோவிலுக்குள் ஒரு கத்தோலிக்கரைத் திருப்பி அனுப்பியதை என் கண்ணால் பார்த்தேன். நேரம் 8.05.

உள்ளே நடந்ததைப் பின்னால் ரோசம்மா சொன்னார். பூசை வைத்தவர் வெளியூரிலிருந்து வந்திருந்த வயதான சாமியார். திருமணநாள் கொண்டாடும் தம்பதியர் முன்னே வரலாம் என்று வழக்கம்போல் அழைத்திருக்கிறார். யாரும் அசையவில்லை. மறுபடி அழைத்திருக்கிறார். உட்கார்ந்திருப்பதுதான் இன்னும் அசிங்கம் என்று லாசர் அற்புதத்தின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். சாமியார் இருவரையும் பார்த்தார், கையில் இருந்த தாளைப் பார்த்தார், எல்லாருக்கும் வைப்பதுபோல் இரண்டு தலைமேலும் கை வைத்து ஆசி கொடுத்து அனுப்பிவிட்டார்.

பூசை முடிந்ததும் உபதேசியார் வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர். “சார், மன்னிக்கணும். எங்க அம்மா பேரு அற்புதம். எங்க ஊருல ஆம்பளைக்கு அந்தப் பேர நான் கேட்டதே இல்ல. ‘இருபது வருடம் நிறைவு, லாசர், அற்புதம்’னு சீட்டப் பாத்ததும் நானாத்தான்…”

அற்புதம் அவர் சொன்னதைக் கேட்டதாகவே தெரியவில்லை. குடைக்கு அடியில் நின்றவரைப் பார்த்துவிட்டான். அருகே வந்து நின்றான்.

“சட்டப் பித்தானப் போடுல” என்றார் அக்கா.

லாசர் இழுத்ததில் அவிழ்ந்த பித்தான். போட்டுக்கொண்டான். நால்வரும் நடந்தே வீட்டுக்கு வந்தோம்.

வீட்டில் மாதா இருந்த இடத்திலேயே இருந்தார். அக்கா நாற்காலியைத் திருப்பிப் போட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். சாப்பாட்டுக்கு முன் தானே ஜெபம் செய்தார். நீண்ட ஜெபம். “இந்த வீட்டையும் இதுல இருக்கிற ரெண்டு பேரையும்” என்ற இடத்தில் நான் கண்ணைத் திறந்தேன். லாசரும் திறந்திருந்தார். அற்புதம் மட்டும் இறுக மூடியிருந்தான்.

வஞ்சிரக் குழம்பு, ரோசம்மா பொரித்துக் கொடுத்த நெத்திலி. லாசருக்கு அக்காவே சோற்றைக் குறைத்து மீனைக் கூட்டி வைத்தார். இரண்டாவது முறை குழம்பு ஊற்றிக்கொண்டபோது சொன்னார்:

“அந்த உபதேசியாரு தப்பா வாசிச்சிட்டாரு.”

அற்புதத்தின் கை நின்றது. “ஆமாக்கா. திருமணம்னு தெரியாம…”

“அத யாரு கேட்டா? இருபதுன்னு வாசிச்சாரு. இருபத்தொண்ணு.”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தேதிக் கணக்கு என் துறை.

“என் கடக்குட்டி பொறந்து நாப்பதாம் நாளு, நீ டிரங்குப் பெட்டியத் தூக்கிட்டு எங்க வீட்ட விட்டுப் போன. அவன் பொறந்தது எம்பத்தெட்டு மே. கணக்குப் பண்ணிக்கோ.”

“நான் அப்ப டோல்கேட்ல ஒரு லாட்ஜ்ல இருந்தேன் அக்கா. ஒரு வருஷம். லாசரோட வந்தது எம்பத்தொம்பது ஜூலைல.”

லாசர் மீன் முள்ளை வாயிலிருந்து எடுத்தார். “லாட்ஜா? எந்த லாட்ஜு?”

“நீ பேசாம சாப்பிடு.”

“இன்னாடா பீலா வுடுற? பொட்டி நேரா எங்க வூட்டுக்குத்தான வந்துச்சி? எங்கம்மா கூட, இன்னாடா இது, கல்லு மாதிரி கனக்குதுன்னாங்க.”

“அது வேற பெட்டி.”

“ஒங்கிட்ட இருந்தது ஒரே பெட்டி” என்றார் அக்கா. “நாந்தாம்ல வாங்கிக் குடுத்தேன்.”

எதையும் ஒளித்ததில்லை என்று முந்தைய நாள் சொன்னவன் காது வரை சிவந்துபோய்த் தட்டைப் பார்த்தான். முதலில் சிரித்தது அக்கா. சிரிப்பு அடங்காமல் தண்ணீர் கேட்டார். லாசர் தம்ளரை நீட்டினார். அக்கா வாங்கிக் குடித்தார். தெருவுக்குக் கேட்கும் என்று ரோசம்மா சொன்ன அந்தக் குரலில், அற்புதமும் லாசரும் லாட்ஜ் இருந்ததா இல்லையா என்று ஐந்து மணி வரை சண்டை போட்டார்கள்.

ஜூலை 6, திங்கள். மறுநாள் விமானம். காலையில் டோல்கேட்டுக்குப் போனேன். லாட்ஜின் பெயர் அற்புதத்துக்கு நினைவில்லை. மருந்துக்கடைக்கு மேல்மாடி என்று மட்டும் சொன்னான். மருந்துக்கடை இருக்கிறது. மாடியில் இப்போது தட்டச்சு, கணினிப் பயிற்சி நிலையம். அங்கே முன்பு லாட்ஜ் இருந்ததாகவும், பாரிமுனைக் கடைகளில் வேலை செய்த தெற்கத்திப் பையன்கள் தங்கியதாகவும் எதிர்ப்பக்க டீக்கடைக்காரர் உறுதியாகச் சொன்னார். லாட்ஜ் ஒருபோதும் இருந்ததில்லை, தொழிற்சங்க அலுவலகம்தான் இருந்தது என்று பக்கத்துத் தையற்காரர் அதைவிட உறுதியாகச் சொன்னார். இருவரும் என்னை நடுவில் நிறுத்திவைத்து வாதாடினார்கள்.

மணலி புதுநகரில் அக்கா வீட்டு இளைய மகனின் பிறப்புச் சான்றிதழையும் பார்த்தேன். 1988 மே என்பது சரி. அதன் நாற்பதாம் நாள் அந்த டிரங்குப் பெட்டி மணலி புதுநகரை விட்டுக் கிளம்பியது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. 1989 ஜூலையில் அது ராயபுரத்தில் இருந்தது என்பதிலும் இல்லை. இடைப்பட்ட ஓராண்டு அது எங்கே இருந்தது என்பதை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.